அரைக் குளிசை: வன்னியில் ஒரு கிளினிக் கணினிக்குள் போன கதை

2022 டிசம்பர், முதல் வியாழக்கிழமை. எங்கள் வைத்தியசாலையில் வியாழன் என்றால் சீனி, பிரஷர் கிளினிக். பதினொரு மணியிருக்கும். கவுண்டரில் மருந்து வாங்கிய ஒரு அம்மா வாசலுக்குப் போகாமல் நேரே என் மேசைக்கு வந்து மருந்துப் பக்கற்றை நீட்டினார்.

"தம்பி, போன முறை டொக்டர் இதைப் பாதியா உடைச்சுக் காலமை மட்டும் போடச் சொன்னவர். இதில முழுசு எண்டு கிடக்கு, ராவைக்கும் போடட்டாம்."

லேபலைப் பார்த்தேன். கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசை, 80 மில்லிகிராம், காலை 1, இரவு 1. அம்மாவின் கிளினிக் கொப்பியை வாங்கிப் புரட்டினால் நவம்பர் 3ஆம் திகதிப் பக்கத்தில் பொறுப்பு டொக்டரின் கையெழுத்தில் 40, காலை மட்டும் என்று தெளிவாக இருக்கிறது. காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மா கந்தசஷ்டி விரதம் இருந்தவர், சாப்பாட்டைக் குறைத்தாலும் குளிசையைக் குறைக்கவில்லை, சீனி இறங்கிக் கோயில் வாசலில் மயங்கி விழுந்திருக்கிறார். கிளிக்லசைட் சாப்பிட்டாயா இல்லையா என்று கேட்காது, அது பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்கவைத்துச் சீனியை இறக்கிக்கொண்டேயிருக்கும். வயது போனவர், சிறுநீரகமும் கொஞ்சம் பழுதென்றால் அந்த இறக்கம் நடு இரவில் வரும், வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் டொக்டர் அரைக் குளிசையாக்கினார். கணினியோ ஒரு நாளைக்கு இரண்டு முழுக் குளிசை கொடுத்துவிட்டது. அதாவது நான்கு மடங்கு.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் எங்கள் கணினி அல்ல, அவர் குளிசையை எண்ணிப் பார்க்கிற பழக்கம். இந்த வைத்தியசாலையின் பெயரையோ ஊரையோ நான் சொல்லப்போவதில்லை, ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு பிரதேச வைத்தியசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்தியன் அல்ல. அபிவிருத்தி உத்தியோகத்தர், உயர்தரத்தில் கணினி படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக இந்த வேலை என் தலையில் விழுந்தது.

கணினி வந்த விதம்

எங்களுக்குக் கணினிப் பதிவு 2021 கடைசியில்தான் வந்தது. வைத்தியசாலைக்குள்ளேயே ஒரு சேர்வர், அதோடு கேபிளால் இணைத்த ஐந்து கணினிகள்: பதிவு மேசையில் ஒன்று, டொக்டர்மாருக்கு இரண்டு, மருந்தகத்தில் ஒன்று, மிஸ்மார் என்று நாங்கள் கூப்பிடுகிற தாதியருக்கு ஒன்று. நோயாளிக்கு 11 இலக்கத்தில் ஒரு தனிநபர் சுகாதார இலக்கம் கொடுத்து, பார்கோட் அட்டை அடித்து, அடுத்த முறை அதை ஸ்கேன் பண்ணினால் பழைய விபரமெல்லாம் திரையில் வந்துவிடும். இன்ரநெற் இல்லாமலே உள்ளே வேலை நடக்கும், அந்த அமைப்பில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

இலங்கை இதில் பின்தங்கிய நாடு என்று யாராவது நினைத்தால் பிழை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவப் படிப்பு நிறுவனத்தில் மருத்துவத் தகவலியல் முதுமாணிப் படிப்பு 2009இலேயே தொடங்கிவிட்டது, டொக்டர்மாரே அதைப் படித்து இந்த வேலைக்கு வருகிறார்கள். கொரோனாவைக் கண்காணிக்க 2020 ஜனவரியில் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளில் இங்கே செய்த அமைப்பைப் பிறகு வேறு நாடுகளும் எடுத்துப் பயன்படுத்தின. ஆக, மென்பொருள் எழுதத் தெரியாமல் இங்கே எதுவும் நிற்கவில்லை. அது ஒரு தகர ஓட்டுக் கட்டடத்துக்குள், மழைக்காலத்தில், ஒரு கிளினிக் நாளில் நூற்றுக்கு மேற்பட்ட சனத்துக்கு நடுவில் ஓடவேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

2022 எப்படிப்பட்ட வருடம் என்று இலங்கைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை, இருந்த டீசலும் தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும் பிரசவ அறைக்கும்தான், அது நியாயமும்கூட. யூபிஎஸ் முதல் மாதங்களில் அரைமணித்தியாலம் தாங்கியது, பிறகு பத்து நிமிடம், பிறகு கீச் கீச் என்று கத்திவிட்டு உடனே அணைந்துவிடும். புதுப் பட்டறிக்கு எழுதினேன். கணினி வாங்கித் தந்த திட்டத்தில் பட்டறி மாற்ற ஒதுக்கீடு இல்லை, எங்கள் பராமரிப்புக் காசில் அதற்கு ஒரு தலைப்பே இல்லை. கணினியைக் கொடுக்கிறவர்கள் ரிப்பன் வெட்டிப் படம் எடுப்பார்கள். பட்டறிக்கு யார் ரிப்பன் வெட்டுவது?

இதில் ஒரு வேடிக்கை, அதே வருடம் கடதாசித் தட்டுப்பாடும் வந்தது. கொப்பி விலை ஏறிய ஏற்றத்தில், எல்லாம் கணினிக்குப் போனால் கொப்பிச் செலவு மிச்சம்தானே என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவருக்கு அன்று பதில் சொல்லாமல் விட்டதற்கு இன்றைக்கும் கவலைப்படுகிறேன்.

நவம்பர் 3 அன்று நடந்தது

அன்று காலை பத்து மணியளவில் மழையோடு லைன் போய்விட்டது. வெளியே பஸ்ஸில் வந்து இறங்கிய சனம் விறாந்தை முழுக்க. டொக்டர் திரையை விட்டுவிட்டுக் கொப்பியில் எழுதத் தொடங்கினார், மருந்து கொடுக்கிற ஐயாவும் கொப்பியைப் பார்த்தே கொடுத்தார். அப்படி அறுபது பேருக்கு மேல். பின்னேரம் கரண்ட் வந்தது. பிறகு ஏற்றலாம் என்று எல்லாரும் நினைத்தோம். ஆனால் ஏற்றுவதற்கு எதை வைத்துக்கொண்டு ஏற்றுவது? எழுதிய கொப்பி எல்லாம் நோயாளிகளோடு வீட்டுக்குப் போய்விட்டதே!

இதை வாசிக்கிற வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம். இங்கே கிளினிக் கொப்பி வைத்தியசாலையில் இருப்பதில்லை. நோயாளியின் கையில்தான் இருக்கும். சொப்பிங் பையில் சுற்றி, அடையாள அட்டைக்கும் ரிப்போட்டுகளுக்கும் நடுவில் வைத்து, கிளினிக்குக்குக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோவார்கள். வவுனியா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அந்தக் கொப்பிதான் போகும், யாழ்ப்பாணத்துக்குப் போனாலும் அதுதான். எங்கள் கணினிப் பதிவோ வைத்தியசாலைச் சுவரைத் தாண்டாது. இந்த வித்தியாசத்தை அமைப்பை வைத்தவர்கள் யோசிக்கவில்லை, வைத்த பிறகு நானும் யோசிக்கவில்லை. கணினி வந்தால் கொப்பி போய்விடும் என்ற கணக்கில்தான் எல்லாமே இருந்தது. உண்மையில் கரண்ட் போகிற ஒவ்வொரு நாளும் கொப்பி முன்னே போனது, கணினி பழைய இடத்திலேயே நின்றது.

டிசம்பரில் பொறுப்பு டொக்டர் லீவு. பதிலுக்கு வந்தவர் நல்லவர், கெட்டிக்காரர், ஆனால் அவருக்கு எங்கள் நவம்பர் தெரியாது. அட்டையை ஸ்கேன் பண்ணினார், ஒக்டோபர் மருந்துப்பட்டியல் வந்தது, 'ரிப்பீட்' என்ற பொத்தானை அழுத்தினார். கொப்பி அவருடைய மேசையில்தான் இருந்தது, மூடியபடி. திரையில் தெளிவான எழுத்தில் இருப்பதை விட்டு, இன்னொருவரின் கோழிக்கிறுக்கலை வாசி என்று யாரிடமாவது சொல்லமுடியுமா? அந்தப் பொத்தான் இல்லையென்றால் ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கவே முடியாது என்பதும் உண்மை. அதனால் இதை நான் டொக்டரின் பிழையாக எண்ணவில்லை. மருந்து கொடுத்த ஐயாவும் லேபலில் வந்ததைத்தான் கொடுத்தார்.

அறுபது கொப்பிகளைத் தேடிப் போனது

அம்மா வந்து சொன்ன பிறகு வந்த பயம் வேறு. அன்று கொப்பியில் மட்டும் மருந்து மாறியவர்கள் இன்னும் எத்தனை பேர்?

வெளிநோயாளர் இலக்கப் பதிவேட்டில் பெயர்கள் இருந்தன. பெயரைக் கணினியில் தேடி, போன் நம்பர் எடுத்து, கூப்பிட்டுக் கொப்பியை வாசிக்கச் சொல்வது என்று திட்டம். பாதி நம்பர் வேலை செய்யவில்லை. மகன் வெளிநாடு போகும்போது சிம்மைக் கொண்டுபோயிருப்பார், அல்லது நிவாரணப் பட்டியலுக்குக் கொடுத்த பழைய நம்பரையே இங்கேயும் தந்திருப்பார்கள். அதைவிடப் பெரிய தலையிடி பெயர்.

எங்கள் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கவேண்டும். தேவகி என்று ஒருவர் வந்தால், காலைப் பிள்ளை 'ரி-எச்' போட்டுத் தொடங்குவார், பின்னேரப் பிள்ளை 'டி' போடுவார், 'கி'க்கு ஒருவர் 'கே', மற்றவர் 'ஜி'. நான்கு விதமான தேவகிகள் ஆயிற்றா? அதற்கு முன்னால் முதலெழுத்து. கலியாணத்துக்கு முன் தகப்பனின் பெயர், பிறகு கணவரின் பெயர், கணவர் இல்லாமல் போன பிறகு சிலர் திரும்பவும் தகப்பன் பெயர். குடும்பப் பெயர் என்ற ஒன்றே எங்களிடம் இல்லை, மென்பொருளோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. சரி, அடையாள அட்டை இலக்கம் இருக்கிறதே என்பீர்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தும், 2016க்குப் பிறகு வந்த புதிய அட்டையில் 12 இலக்கம். முன்னால் 19 போட்டு, பிறந்த நாளைக் குறிக்கிற மூன்று இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் பழையது புதியதாகும், சின்னக் கணக்குத்தான். ஆனால் எங்கள் மென்பொருளுக்கு அது தெரியாது. பழைய அட்டையோடு ஒருமுறையும் புதிய அட்டையோடு ஒருமுறையும் வந்தவர் அதற்கு இரண்டு ஆட்கள். போரில் அட்டையே தொலைத்து, கிராம அலுவலரின் கடிதத்தோடு வந்து பதிந்து, பிறகு அட்டை எடுத்தவருக்கு மூன்று பதிவுகள்கூட இருந்தன.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது, நாங்கள் மிட்வைஃப் என்கிற குடும்பநல உத்தியோகத்தர்கள்தான். இரண்டு மிட்வைஃப் அக்காமாரிடம் பட்டியலைக் கொடுத்தேன். ஒருவர் பெயரைக்கூட முழுதாக வாசிக்கவில்லை. "இவ வாய்க்கால் கரை வீடு, இவர் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம், இது ரெண்டும் ஒரு ஆள்தான் தம்பி" என்று பேனாவால் கோடு இழுத்துக்கொண்டே போனார். வீடு பார்க்கப் போகிற வழியில் கொப்பிகளைப் போனில் படம் எடுத்து, சிக்னல் வருகிற இடத்துக்கு வந்ததும் வைபரில் அனுப்பினார்கள். வைத்தியசாலைத் தகவலை வைபரில் அனுப்புவது சரியா என்று கேட்டால் சரியில்லை, 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அதே மாதம்தான் நான் வாசித்து முடித்திருந்தேன். இருந்தாலும் வாங்கினேன், பார்த்துவிட்டு அழித்தேன். இரண்டு கிழமையில் அநேகமாக எல்லாரும் கிடைத்தார்கள். மருந்து மாறியிருந்தவர்கள் அம்மாவைத் தவிர இன்னும் சிலர், ஒன்றும் கிளிக்லசைட் அளவுக்கு ஆபத்தானதல்ல.

அந்த அக்காமாருக்கே கையில் ஒரு டப்லெட் கணினி கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். கர்ப்பவதியின் விபரத்தைக் கடதாசிப் பதிவேட்டிலும் எழுதி, பிறகு டப்லெட்டிலும் அடிக்கவேண்டும். பதிவேட்டை நிறுத்த யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அவர்கள் இரவு சமைத்து முடித்த பிறகு அடிக்கிறார்கள்.

"இது எங்க போகும் தம்பி?"

பதிவு மேசையில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், ஆண்கள்தான் கூடுதலாகக் கேட்பார்கள். வன்னியில் 'பதிவு' என்பது வெறும் அலுவலகச் சொல் அல்ல. 2009இல் முகாமுக்குள் போகும்போது பதிந்தார்கள், உள்ளே பதிந்தார்கள், ஊருக்குத் திரும்பும்போது பதிந்தார்கள், திரும்பி வந்த பிறகு வீட்டு வாசலில் வந்து பதிந்தார்கள். பதிந்துவிட்டுப் போன பிள்ளையை இன்னும் தேடுகிற தாய்மார் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 2017இலிருந்து வீதியோரக் கொட்டகைகளில் இருந்து போராடினார்கள். அதே சனத்திடம் நான் பெயர், விலாசம், அடையாள அட்டை, உடம்பில் என்ன காயம் என்று கேட்கிறேன். கேட்கிற என் குரல் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் கேள்வி அதே கேள்விதான்.

கால் ஒன்று செயற்கைக் கால், ஐம்பது வயதிருக்கும் ஒருவர், காயம் பற்றிய கட்டத்துக்கு வந்ததும் எழுந்துவிட்டார். சீனி மருந்துக்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்றார். மருத்துவ ரீதியில் தொடர்பு இருக்கிறது, மற்றக் காலைப் பாதுகாக்கவேண்டும், ஆனால் அவர் கேட்டது அதையல்ல. நான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டுபோய், மருந்துக் களஞ்சியத்தின் பக்கத்து அறையில் பழைய மேசையில் இருக்கும் சேர்வர் பெட்டியைக் காட்டினேன். இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது ஐயா, இதிலிருந்து வெளியே வயர் ஒன்றும் போகவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காயம் பற்றிய கட்டத்தை வெறுமையாக விட்டேன். நாளைக்கு எல்லா வைத்தியசாலைகளையும் ஒன்றாக இணைப்பார்கள், அந்த நாளில் அவரிடம் போய் என்ன சொல்வதென்று நான் அன்று யோசிக்க விரும்பவில்லை.

வெளியே வயர் போகாவிட்டாலும் உள்ளே எங்கள் ஒழுங்கு எப்படி இருந்தது என்றால், ஐந்து கணினிக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் திரையின் ஓரத்தில் சர்ஜிக்கல் பிளாஸ்டரில் எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியது நான்தான்.

பிறகு என்ன செய்தோம்

பெரிதாக ஒன்றுமில்லை. ரிப்பீட் பொத்தானை அழுத்தினால் 'கடைசிப் பதிவு இன்ன திகதி, கொப்பியின் திகதியும் இதுதானா?' என்று ஒரு கேள்வி வரவேண்டும் என்று எழுதி அனுப்பினோம். மென்பொருளும் தரங்களும் கொழும்பிலிருந்து, எங்களைப் போன்ற வைத்தியசாலையும் ஆட்களும் மாகாணத்தின் கீழ். ஒரு கடிதம் பிராந்தியப் பணிமனை, மாகாணத் திணைக்களம், மத்திய அமைச்சு என்று படியேறித் திரும்பி வர எவ்வளவு காலம் எடுக்கும் என்பது உள்ளே வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அதுவரை மிஸ் ஒருவர் சொன்ன யோசனைதான் ஓடியது.

கடையில் சிவப்பு மையில் ஒரு முத்திரை செய்வித்தோம்: 'கரண்ட் இல்லை, கணினியில் ஏற்றவில்லை'. கரண்ட் போனதும் அது மேசைக்கு வரும், கொப்பியில் எழுதுகிற ஒவ்வொரு பக்கத்திலும் விழும். அதோடு மருந்தை ஒரு சீஆர் கொப்பியிலும் ஒரு வரி எழுதவேண்டும், அது வைத்தியசாலையிலேயே இருக்கும், கரண்ட் வந்ததும் அதை வைத்து நான் ஏற்றுவேன். கரண்ட் இருக்கிற நாளில் மருந்துப்பட்டியலை ஸ்டிக்கரில் அடித்துக் கொப்பியில் ஒட்டுகிறோம், அப்போது கொப்பியும் கணினியும் ஒரே வார்த்தை பேசும். ஸ்டிக்கரைத் தமிழில் அடிக்கப் போனபோது முதல் கிழமை முழுக்க வெறும் சதுரங்கள்தான் வந்தன, பிரின்ரரோடு வந்த மென்பொருள் யூனிகோட் தமிழை ஏற்கவில்லை, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் சேர்வரில் குப்பையாகச் சேமிக்கிறது. கடைசியில் காலை, மதியம், இரவுக்குச் சூரியன், சோற்றுக் கோப்பை, நிலா என்று மூன்று படமும், அரைக் குளிசைக்குப் பாதி வட்டமும் போட்டேன். நான் செய்ததில் நல்ல வேலை எது என்று கேட்டால் அந்தப் பாதி வட்டத்தைத்தான் சொல்வேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்குகிறது, தமிழ் வாசிக்கத் தெரியாத டொக்டருக்கும் விளங்குகிறது.

இரட்டைப் பதிவுகளை இன்னும் முடிக்கவில்லை. மிட்வைஃப் அக்கா மாதத்தில் ஒரு பின்னேரம் வந்து உட்கார்ந்து, யார் யார் ஒரே ஆள் என்று சொல்ல, நான் இணைக்கிறேன். கடவுச்சொல் இப்போது ஆளுக்கு ஒன்று. பிளாஸ்டரைக் கழற்றியாயிற்று, அதன் பசை மட்டும் திரையில் இருக்கிறது. யூபிஎஸ் பட்டறி, நோயாளர் நலன்புரிச் சங்கம் வாங்கித் தந்தது. பயிற்சி எடுத்த மிஸ் இருவரில் ஒருவர் இடமாற்றத்தில் போய்விட்டார், புதிதாக வந்தவருக்கு முத்திரை எந்த லாச்சிக்குள் என்று முதல் நாளே காட்டினேன்.

போன மாரியில் ஒரு வியாழக்கிழமை திரும்பவும் லைன் போனது. நான் பதிவு மேசையிலிருந்து எழும்ப முதலே புது மிஸ் லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்துவிட்டார். அந்த அம்மாவும் அன்று வந்திருந்தார். டொக்டர் எழுதி, சிவப்பு முத்திரை விழுந்த பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இதில பாதி வட்டம் ஒட்டேல்லை."

"கரண்ட் வந்தாத்தான் அம்மா அடிக்கலாம். அடுத்த முறை வரேக்க ஒட்டி விடுறன்."

"பன்னிரண்டரை பஸ்தானே எனக்கு. இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, கொப்பியைச் சொப்பிங் பையில் வைக்காமல் மடியில் வைத்தபடி வாங்கிலில் உட்கார்ந்துகொண்டார்.